முழு விலைக்கு ஒரு கைப்பை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது வந்து என் காதில் விழுந்தது.

எந்த நாற்காலி என்று உங்களுக்கே தெரியும். பெரிய கடைகளில் பெண்கள் பகுதிக்குள், நிலைக்கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவில் ஒதுக்குப்புறமாக ஒன்றைப் போட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். மனைவிக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்கென்றே யாரோ வஞ்சம் வைத்துச் செய்தது. என் மனைவி அடுத்த பகுதியில் குடை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடை வாங்க அவ்வளவு நேரமா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை, அதனால்தான் எனக்குக் கதை கிடைத்தது.

எனக்கு எதிரே ஒரு கண்ணாடி மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கையுறை போட்ட விற்பனைப் பெண். இந்தப் பக்கம் இரண்டு பேர்: அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, முப்பதைத் தாண்டிய ஒருத்தி. மேசைமேல் ஒரு கைப்பை.

"இதுக்கு இவ்வளவா?" என்றார் அந்த அம்மா. சொன்ன கையோடு அவருடைய வலது கால் தரைவிரிப்பை ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

கோபத்தில் மிதித்ததில்லை அது. எதையோ நிறுத்தப் பார்க்கிற மிதி.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: கடையின் விளக்குகள் வெண்ணிலவைப் போல அந்தப் பையின்மேல்— [விட்டுவிட்டேன். கடை விளக்கு கடை விளக்கைப் போலத்தான் இருந்தது.]

தொடக்கம் இரண்டு: கைப்பைகளே இல்லாத ஓர் உலகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே மனிதர்கள்— [என் மனைவி எட்டிப் பார்த்து, "அங்க வீட்டுச் சாவியை எதுல போட்டுக்கிட்டாங்களாம்?" என்றாள். அடித்துவிட்டேன்.]

தொடக்கம் மூன்று: பிரேக்கம்மா அன்று வகுப்பு எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

இது நிற்கும் போலிருக்கிறது. இங்கிருந்தே போகலாம்.

3

பிரேக்கம்மா அன்று வகுப்பு எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்தே அவருடைய பாதி ஆயுள் ஓடிவிட்டது. பேருந்தில் போனாலும் மிதிப்பார், தொலைக்காட்சியில் யாராவது அவசரப்பட்டு ஏதாவது சொல்லப்போனாலும் மிதிப்பார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

(அந்த அம்மா உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. மிதித்த காலையும், பிறகு அவர் சொன்ன 'கியர்' என்ற ஒரு சொல்லையும் வைத்து நானாகக் கட்டிக்கொண்டது. "கால் மரத்துப் போயிருக்கும்" என்கிறாள் என் மனைவி. அவள் எழுதும் கதையில் மரத்துப் போகட்டும்.)

கூட வந்தவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள், பிரேக்கம்மாவின் மருமகள். அப்படிச் சொல்லத்தான் வாய் வருகிறது, சட்டப்படி இப்போது அப்படி இல்லை. பிரேக்கம்மாவின் மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போனவன். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு குரல் மட்டும் தொலைபேசியில் வந்தது. ஒருநாள் அந்தக் குரல், "எங்களுக்கு ஒத்து வரலம்மா" என்றது.

"எங்களுக்கா, உனக்கா?" என்று கேட்டார் பிரேக்கம்மா.

[மகனைக் கெட்டவனாக எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடும். இரண்டு முறை முயன்றேன். பெற்றவள் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதும்போது கை வரமாட்டேன் என்கிறது. அவன் ஒரு சாதாரண ஆள். போய்விட்டான், அவ்வளவுதான்.]

விவாகரத்து முடிந்து மருமகள் வீட்டைக் காலி செய்த நாளைச் சொல்ல வேண்டும். அவள் வேலை பார்த்த மருந்துக்கடையின் மாடியிலேயே ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்திருந்தது. சாமான் ஏற்ற வண்டி பேசக் கிளம்பியவளை, "நம்ம கார் எதுக்கு இருக்கு?" என்று தடுத்தார் பிரேக்கம்மா. கூரைமேல் 'பயிற்சி வாகனம்' என்று பலகை வைத்த கார். பின்சீட்டு நிறையப் பெட்டிகள், தலையணைகள், ஒரு மின்விசிறி. பிரேக்கம்மா ஓட்டினார். மருமகள் பக்கத்துச் சீட்டில், மடியில் ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் திரும்பும்போது கார் குலுங்கி நடுவழியில் நின்றது.

"நீயா மிதிச்ச?"

"தெரியாம மிதிச்சுட்டேன் அத்தை."

சொன்னாளே தவிர, அவள் கால் இன்னும் அந்த இரண்டாவது பிரேக்கின்மேல்தான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கூரைப் பலகையைப் பார்த்ததும் யாரோ கற்றுக்குட்டி என்று நினைத்து அடிப்பதை நிறுத்தினார்கள். பிரேக்கம்மா எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின.

"ஒண்ணும் அவசரமில்ல," என்றார். "எப்ப எடுக்கணும்னு தோணுதோ அப்ப எடு."

அவள் காலை எடுப்பதற்குள் அந்தத் தெருவே ஒருமுறை அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.*

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவள் அந்த வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். பிரேக்கம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளை அவளே கொண்டுவருவாள். ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று பழைய அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "மருமக வந்தாச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், பிரேக்கம்மா, "வந்தாச்சு" என்று மட்டும் சொல்வார்.

* இந்தக் காட்சி முழுக்க என் கற்பனை. படித்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பித் தந்தாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அல்லது அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

4

இனி கண்ணாடிக்கடைக்காரர் வர வேண்டும்.

மருந்துக்கடைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க மனிதர்களின் கண்ணை மட்டுமே பார்ப்பவர் என்பதால் பேச்சு குறைவு. தலைவலி மாத்திரை வாங்க அடிக்கடி வந்தார். தினமும் யாருக்காவது தலை வலிக்குமா என்று மருமகளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்டாள். "வலிக்கலைதான்" என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் காதல், என்னால் இதற்கு மேல் நீட்ட முடியவில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

மருமகள் இதைச் சொன்னபோது பிரேக்கம்மா உண்மையாகவே சந்தோஷப்பட்டார். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் கன்னத்தைத் தடவி, "இப்பவாவது தோணிச்சே" என்றார். அவள் கிளம்பிப் போன பிறகு பாத்திரம் கழுவ நின்றார். கழுவிய தட்டையே எடுத்து எடுத்துக் கழுவிக்கொண்டிருப்பது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அம்மா இருந்தார். நல்ல மாதிரி, கொஞ்சம் காது மந்தம் என்று மருமகள் சொல்லியிருந்தாள். அந்த அம்மாவையும் அவள் 'அத்தை' என்றுதானே கூப்பிடுவாள்? இந்த ஒரு கேள்வி பிரேக்கம்மாவின் தொண்டையில் மாத்திரை போல மாட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு எதையாவது தர வேண்டும். மகனை விட்டுப் பிரிந்த மருமகள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் மாமியார் என்ன தர வேண்டும்? இதற்கு ஒரு வழக்கமும் இல்லை, கேட்டுக்கொள்ள ஆளும் இல்லை. அப்போதுதான் அவருக்கு அந்தப் பை ஞாபகம் வந்தது. போன மாதம் இருவரும் கடைத்தெருவில் நடந்து வந்தபோது, ஒரு கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் மருமகள் நின்றாள். எதையும் நின்று பார்க்கிற பெண் இல்லை அவள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு, "வாங்க அத்தை, நேரமாச்சு" என்று நடந்துவிட்டாள்.

ஆக, பிரேக்கம்மா வகுப்பு எதையும் வைத்துக்கொள்ளாத அந்த நாளில், எதற்கு என்று சொல்லாமலே அவளைக் கடைக்கு அழைத்து வந்தார்.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, ஒரு பைக்கு ஏன் அவ்வளவு விலை என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவன் இப்படி யோசிக்கக் கூடாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன வேலை?

தோல் நல்ல தோல்தான். புளியங்கொட்டை நிறம், மேலே ஒரு மினுமினுப்பு. தையல் ஒழுங்கு. அடியில் பித்தளைக் குமிழ்கள், அதனால் எங்கே வைத்தாலும் சாயாமல் தானே நிற்கும். இதெல்லாம் சேர்ந்தால் விலையில் ஒரு ஓரம் தேறலாம். மீதி? மீதி விலையில் அந்த விளக்குகள் இருந்தன. கையுறை இருந்தது. பையை மூடி வைக்க ஒரு துணி உறை, அந்த உறைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு நாடா. வாசலில் கதவைத் திறந்துவிட்டவரின் புன்னகை இருந்தது. என்னை உட்காரவைத்து முதுகை ஒடித்த அந்த நாற்காலியின் விலையும் அதற்குள்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் முழு விலை கொடுப்பவர் ஏமாளியா? என் மனைவியிடம் கேட்டேன்.

"எதுக்குக் குடுக்கறாங்கன்றதைப் பொறுத்து," என்றாள். "நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா எடுத்துத் தந்த உங்க கோட்டு, தள்ளுபடியில வாங்கினது."

"அதுக்கென்ன?"

"அக்குள்ள பிரிஞ்சிருந்துச்சு. ஃபோட்டோவுல கையைத் தூக்காமலே நிக்கறீங்க. பாருங்க வேணும்னா."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஆமாம்.

6

கடைக்குத் திரும்புவோம். இங்கிருந்து நான் காதால் கேட்டவை.

விலைச்சீட்டு வெளியே தெரியவில்லை. பையின் உள்ளறைக்குள், அதற்குள் இருந்த இன்னொரு சின்ன அறைக்குள் அடங்கியிருந்தது. பிரேக்கம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துக்கொண்டு அதைத் தோண்டி எடுத்தார். படித்தார். "இதுக்கு இவ்வளவா?" என்றார். காலால் மிதித்தது அப்போதுதான்.

அவர் எல்லா விலையையும் கற்றுக்கொள்ள வரும் ஆட்களாக மாற்றிப் பார்ப்பவர். இத்தனை பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தால் குளிர்சாதனப் பெட்டி. இத்தனை பேர் சுவரில் இடித்தால் கட்டில். இந்தப் பைக்கு ஒரு பெருங்கூட்டமே வந்து இடிக்க வேண்டியிருந்தது.

"அத்தை, யாருக்கு இது?" என்றாள் மருமகள்.

"உனக்குத்தான். வேற யாருக்கு? நான் இதைத் தூக்கிட்டுப் போய் கியர் போடவா?"

"எனக்கு வேணாம்."

"நீ நின்னு பாத்த."

"பாத்தா வாங்கணுமா? நான் மீனைக்கூடத்தான் தொட்டியில நின்னு பாப்பேன்."

விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, கையுறையால் மூடிக்கொண்டாள். பிறகு மேசைமேல் கொஞ்சம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் சீசன் முடியுது. இதே பை பாதி விலைக்கு வந்துடும். இன்னிக்கே வேணும்னா, போன வருஷத்துக் கலர் ஒண்ணு உள்ள இருக்கு, அதுக்கு இப்பவே தள்ளுபடி போட்டுத் தரலாம்."

[இந்தப் பெண்ணின்மேல் எனக்குச் சந்தேகம். விற்றால் தனக்கு ஏதாவது கிடைக்கும் என்னும்போது எந்த விற்பனைப் பெண் இப்படிச் சொல்வாள்? கதைக்காக நானே அவள் வாயில் திணித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனால் சத்தியமாகச் சொன்னாள். என் மனைவிக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது: "காலைலேர்ந்து குதிகால் செருப்புல நிக்கறா. ரெண்டு பொம்பளைங்க மூஞ்சியைப் பார்த்தா அவளுக்குத் தெரியாதா, இது பையைப் பத்தின பேச்சு இல்லைன்னு?"]

"அடுத்த மாசமே வாங்கிக்கலாம்," என்றாள் மருமகள் உடனே. "பாதி விலை."

"கல்யாணம் இந்த மாசம்."

"அதனால என்ன? கல்யாணத்துக்குப் பையா கட்டிக்கப்போறேன்?"

"வேணாம்," என்றார் பிரேக்கம்மா. "எனக்கு முழு விலைக்குத்தான் வேணும். ஒரு காசு குறையக் கூடாது."

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்லிக் கேட்ட விற்பனைப் பெண், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பையை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

7

இந்தப் பகுதியை நான் பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நானாக ஒரு வரியைச் சேர்த்தேன், ஒவ்வொரு முறையும் அந்த வரி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அதனால் கேட்டதை அப்படியே தருகிறேன்.

"ஏன் அத்தை இப்படிப் பிடிவாதம் பிடிக்கறீங்க?"

"உனக்கு எல்லாரும் குறைச்சே குடுத்துட்டோம். அவனும் குடுத்தான், நானும் குடுத்தேன்."

"நீங்க என்ன குறைச்சீங்க?"

"அந்தக் கப் செட்டு. உன் முதல் கல்யாணத்துக்கு நான் குடுத்தது. ஏதோ ஒரு கடையைக் காலி பண்றாங்கன்னு தள்ளுபடியில எடுத்தது அது. அதுல ஒரு கப்பு குறைச்சல். ஆறுன்னு பெட்டியில போட்டிருந்தாலும் உள்ள அஞ்சுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே எண்ணினேன். அப்ப வீட்டுல மூணு பேர்தானே அத்தை இருந்தோம். ஆறாவது கப்புல யாரு குடிக்கப்போறாங்க?"

பிரேக்கம்மா பையின் கைப்பிடியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். "அதெல்லாம் இருக்கட்டும். இது ஒண்ணையாவது நான் நிறைவா குடுத்துட்டா—"

"குடுத்துட்டா?"

அவர் விலைச்சீட்டை மறுபடி உள்ளறைக்குள் செருகினார்.

"சொல்லுங்க. குடுத்துட்டா என்ன? நல்லபடியா அனுப்பி வெச்சாச்சு, இனிமே நம்ம பொறுப்பு முடிஞ்சதுன்னு வீட்டுக்குப் போய் உக்காந்துக்குவீங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்தா, 'உனக்கு அங்க வேலை இருக்குமே'ன்னு சொல்லுவீங்க. மாத்திரையை அடுத்த தெருவுல வாங்கிக்குவீங்க. அதானே?"

"அங்கயும் உனக்கு ஒரு அத்தை இருக்காங்கடி."

"இருக்காங்க. நல்லவங்க. நான் நாலு தடவை கத்தினா ஒருதடவை கேக்குது அவங்களுக்கு. அதுக்காக?"

"ரெண்டு அத்தையை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

"சமாளிப்பேன். ஒரு புருஷனையே சமாளிச்சவ நான்," என்றாள். சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்தது. மேசையின் கண்ணாடியில் தன் விரல் பதித்த அழுக்கை அவளே துடைத்தாள். "முழுசா குடுத்துட்டா நமக்குள்ள பாக்கின்னு ஒண்ணும் இருக்காது அத்தை. எனக்குப் பாக்கி வேணும். நீங்க எனக்கு ஒரு கப்பு பாக்கி. அது அப்படியே இருக்கட்டும்."

பிரேக்கம்மா கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்க ஏதோ தேடினார். விற்பனைப் பெண், பைக்கு வைத்திருந்த மெல்லிய துணியை நீட்டினாள்.

"நான் இன்னிக்கு உங்ககூட வந்ததே வேற ஒண்ணு கேக்கத்தான்," என்றாள் மருமகள். "ஒரு வாரமா கேக்கணும்னு நினைச்சு வாய் வரல. பதிவு ஆபீஸ்ல என் பக்கத்துக்கு ஒரு சாட்சி வேணும். எனக்கு அப்பா அம்மா இல்ல. நீங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"நானா? ஏய், நான் அவனைப் பெத்தவடி."

"தெரியும்."

"பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன வேணா சொல்லட்டும். நான் கேக்கறது உங்களை."

பிரேக்கம்மா வாயைத் திறந்தார்.

"வாங்க, போகலாம்!" என்றாள் என் மனைவி. அவள் கையில் குடை இருந்தது.

8

ஆமாம். அங்கேயே என்னைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். "ஒரு நிமிஷம்" என்றேன். "முதுகு வலிக்குதுன்னு நேத்துதானே புலம்பினீங்க" என்றாள். வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். தூண் மறைத்துவிட்டது.

ஆகவே இனி வருவதெல்லாம் நான் செய்தவை.

முடிவு அ. பிரேக்கம்மா முழு விலையையும் கொடுத்துப் பையை வாங்குகிறார். நாடா கட்டிய பெட்டியை மருமகள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள— [என் மனைவி: "அப்ப அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் பேசினது சுவத்துக்கிட்டயா?"]

முடிவு ஆ. அடுத்த மாதம், தள்ளுபடி தொடங்கும் முதல்நாள், பிரேக்கம்மா கடை திறக்கும் முன்பே போய் வரிசையில் நிற்கிறார். முண்டியடித்து உள்ளே போனால் அந்த இடத்தில் பை இல்லை. வெறும் விளக்கு மட்டும் எரிகிறது. [என் மனைவி: "சோகமா முடிச்சாதான் பெரிய எழுத்தாளர்னு ஒத்துக்குவாங்களா?" இந்த முடிவுமேல் எனக்கு ஒரு கண் இருந்தது. மனசே இல்லாமல் அடித்தேன்.]

முடிவு இ. "பாதி நான் போடறேன், பாதி நீங்க போடுங்க அத்தை. ரெண்டு பேருக்குமே பாதி விலை," என்கிறாள் மருமகள். ஒரு மாதம் இவர் வீட்டில் பை, ஒரு மாதம் அவள் வீட்டில். பையைக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டியாவது அவர்கள் சந்தித்தே ஆக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இது அவங்க பண்ணினது மாதிரி இல்ல, நீங்க பண்ணி வெச்சது மாதிரி இருக்கு. எதையாவது முடிச்சுக் கட்டி நாடா போட்டாதான் உங்களுக்கு நிம்மதி."

"அப்ப நீயே சொல்லு. வாங்கினாங்களா, இல்லையா?"

அவள் புதுக் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் குடை விரிக்காதே என்று நான் சொல்வதில்லை. மழைக்கு முன்பே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. விரித்த குடைக்குள்ளிருந்து கேட்டாள்:

"அதை விடுங்க. அந்தம்மா கையெழுத்துப் போடப் போனாங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தனை தாள்களைக் கிழித்தேன். ஒன்றில்கூட நான் இதைக் கேட்கவில்லை. பையின் விலையில் நானும் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"போனாங்க," என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா போனாங்க."

அவள் குடையை மடக்கினாள். "அப்ப அதை எழுதுங்க," என்றாள்.

9

பதிவு அலுவலகத்தில் பெஞ்சுகள் சுவரோரமாகப் போட்டிருந்தன. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் மேசையிலிருந்த தாள்கள் எழுந்து உட்கார்ந்தன. முன்னால் ஒரு ஜோடி கிசுகிசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முறை வந்ததும் கைகோத்துக்கொண்டு எழுந்து போயிற்று.

கண்ணாடிக்கடைக்காரர் புதுச் சட்டையின் காலரை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா பிரேக்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலகம் முழுக்கக் கேட்கும் குரலில், "நீங்கதான் கார் ஓட்டறவங்களா? இவ எப்பப் பாத்தாலும் உங்களைப் பத்தியே பேசறா! எனக்கே சலிச்சுப்போச்சு!" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக்கம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய கையை அந்த அம்மா விடவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். எழுத்தர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி, பக்கத்துக் கடைக்காரர், கையெழுத்திட்டு நகர்ந்தார்.

"பொண்ணு பக்கத்துச் சாட்சி?"

பிரேக்கம்மா எழுந்து வந்தார். காலையிலிருந்து அவர் இந்த இடத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். உறவு கேட்பார்கள். பொய் சொல்ல வராது; உண்மையைச் சொன்னால் அந்த அறையே அவளைத் திரும்பிப் பார்க்கும். தெரிந்தவர் என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தார். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் அவரைக் குத்தியது.

எழுத்தர் பேனாவை நிறுத்தி, மணப்பெண்ணைப் பார்த்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தெரி—" என்று ஆரம்பித்தார் பிரேக்கம்மா.

"அத்தை வேணும்," என்றாள் அவள்.

"அப்பாகூடப் பொறந்தவங்களா? சரி, சரி," என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். யாரும் திருத்தவில்லை. "இங்க போடுங்கம்மா. மெதுவா போடுங்க, கோட்டுக்குள்ள வரணும்."

பிரேக்கம்மா மெதுவாகத்தான் போட்டார். முதல் எழுத்து கோணலாக விழுந்தது, போகப்போக நேராகிவிட்டது. போட்டு முடித்தும் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றார். அவள் அவருடைய விரல்களிலிருந்து அதை வாங்கி, அடுத்த கோட்டில் தன் பெயரை எழுதினாள்.

இனி உங்கள் பாடு. அன்றைக்கு அந்தப் புளியங்கொட்டை நிறப் பை இவர் தோளில் தொங்கியதா, அவள் தோளில் தொங்கியதா, அல்லது பாதி விலைக்கு வரும் நாளுக்காகக் கடையிலேயே விளக்கடியில் நின்றுகொண்டிருந்ததா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முழு விலை போட்டாலும் சரி, குறைத்துப் போட்டாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.